பீரங்கி தூக்கும் தம்பி, ஆள் தூக்கும் அண்ணன்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இருப்பவர்களுக்கு ஆகாயம் அதிசயம் அல்ல. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்துக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் லைட்ஹவுஸ் குப்பத்திலும் அரங்கம்குப்பத்திலும் வாசலில் நின்றபடியே பார்க்கலாம். ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு உத்தரவு வரும். அன்று வலை காயும். சில வீடுகளில் வயிறும் காயும்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டா அருகே வேறொரு காட்சி நடந்தது. "சினூக்" என்ற ராட்சத ஹெலிகாப்டர் ஒன்று உயரே ஏறியது. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு கூண்டு தொங்கியது. கூண்டின் எடை 4.8 டன்! 3 கிலோ மீட்டர் உயரத்தில் இருந்து அதைக் கீழே போட்டார்கள். பாராசூட்டுகள் விரிந்தன. மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் "ககன்யான்" திட்டத்துக்கான சோதனை அது.

ராக்கெட்டும் ஹெலிகாப்டரும் பார்த்துப் பழகிய இந்தக் குப்பங்களுக்கு, டெல்லியில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்திலும் சம்பந்தம் உண்டு. அது போர் ஹெலிகாப்டர் வாங்கும் ஒப்பந்தம். 2025 மார்ச் 28-ந் தேதி கையெழுத்தாயிற்று. மொத்தம் 156 ஹெலிகாப்டர். வரி நீங்கலாக விலை ரூ.62,700 கோடி. பயிற்சியும் மற்றச் சாமான்களும் இதில் அடக்கம். சராசரி போட்டால் ஒன்றுக்கு சுமார் ரூ.400 கோடி வருகிறது. விமானப் படைக்கு 66, தரைப் படைக்கு 90.

அந்த ஹெலிகாப்டரின் பெயர் "பிரசண்ட்". பிரசண்ட மாருதம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே பிரசண்டம்தான்.

இறால் பிடிக்கிறவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பிரசண்டுக்கு ஓர் அண்ணன் இருக்கிறது. அதன் பெயர் "துருவ்". கடலில் தத்தளிக்கும் மீனவரைக் கயிறு விட்டுத் தூக்குவது அந்த அண்ணன்தான். இரண்டும் ஒரே ரத்தம். தம்பிக்கு வந்த பலம் அண்ணனிடம் இருந்து வந்தது. அண்ணனுக்கு நோய் வந்தால் தம்பியையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

கார்கிலில் பட்ட அடி

1999-ம் ஆண்டு கார்கில் யுத்தம் நடந்தது. மலை உச்சிகளில் எதிரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருந்து நம் வீரர்கள் ஏற வேண்டியிருந்தது.

அப்போது இந்தியாவிடம் போர் ஹெலிகாப்டர் இல்லாமல் இல்லை. ரஷ்யாவில் செய்த மி-25, மி-35 என்ற இரண்டு வகை இருந்தன. பறக்கும் டாங்கி என்று அவற்றுக்குப் பட்டப் பெயர். ஆனால் அவை பெருத்த உடம்புக்காரர்கள். நிறைந்த சுமையோடு 11, 12 டன் வரும். கார்கில் உயரத்தில் அவற்றால் சண்டை போட முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஏரியில் படகு தள்ளுகிறவருக்கு இது சட்டென்று விளங்கும். துடுப்புக்குத் தண்ணீர் பிடிபட வேண்டும். வெறும் நுரையைத் துழாவினால் படகு நகருமா? ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் இறக்கைக்குக் காற்றுதான் தண்ணீர். மலைமேல் ஏற ஏறக் காற்று மெலிந்துகொண்டே போகும். 18,000 அடி உயரத்தில், கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் பாதிதான் இருக்கும். இறக்கை சுழலும், தூக்காது. எஞ்சினும் மூச்சுத் திணறும்.

வேறு வழியில்லாமல், ஆட்களை ஏற்றிச் செல்லும் மி-17 ஹெலிகாப்டர்களில் ராக்கெட் குண்டுகளைக் கட்டி அனுப்பினார்கள். மே 28-ந் தேதி தோலோலிங் அருகே அப்படிப் போன ஒன்றை, எதிரிகள் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே ஹெலிகாப்டரில் போய்த் தாக்கும் வேலையையே நிறுத்திவிட்டார்கள்.

மலைமேல் சண்டை போடுவதற்கென்றே லேசான ஹெலிகாப்டர் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது அந்த அடியில்தான். 2006-ம் ஆண்டு, "நாங்கள் செய்கிறோம்" என்று அறிவித்தது பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். அது சர்க்கார் தொழிற்சாலை.

வியட்நாமில் பிறந்த யோசனை

போர் ஹெலிகாப்டர் என்பது முதலில் தனி ஜாதியே அல்ல. காயம்பட்டவர்களையும் தபாலையும் சுமக்க வந்த யந்திரம் அது. 1950-களில் அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் அதில் துப்பாக்கியைக் கட்டிச் சுட்டார்கள். இந்தியாவிலும் அது நடந்தது. 1971-ல் வங்க தேச யுத்தம் வந்தபோது "அலூவெட்" என்ற சின்ன ஹெலிகாப்டரில் ராக்கெட் கட்டினார்கள். நம் நாட்டில் "சேத்தக்" என்று பெயர் வைத்துச் செய்ததே, அதே வகை. வங்காளி விமானிகள் டிசம்பர் 3-ந் தேதி இரவு அதில் பறந்து போய், நாராயண்கஞ்ச் அருகே எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்தினார்கள்.

ஆனால் கட்டிவிட்ட துப்பாக்கி கட்டிவிட்ட துப்பாக்கிதானே! ஆள் ஏற்றும் ஹெலிகாப்டர் அகலமானது. எதிரி குறி வைக்கச் சௌகரியம். வியட்நாமில் அமெரிக்கர்கள் இதை நன்றாக உணர்ந்தார்கள். அங்கே "ஹியூயி" என்ற ஹெலிகாப்டர் ஆயிரக்கணக்கில் ஓடியது. பெல் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஹியூயியின் எஞ்சினையும் சுழல் இறக்கையையும் அப்படியே எடுத்துக்கொண்டது. உடம்பை மட்டும் மாற்றியது. 3 அடி அகலம்தான். இரண்டே ஆட்கள். பக்கத்தில் பக்கத்தில் அல்ல. ஒருவர் பின்னால் ஒருவர். முன்னால் சுடுகிறவர், பின்னால் ஓட்டுகிறவர். நேரே நின்று பார்த்தால் ஒல்லியான ஓடம் மாதிரி தெரியும். அதற்கு "கோப்ரா" என்று பெயர். நல்ல பாம்பு! 1965-ல் முதலில் பறந்தது. 1967-ல் வியட்நாமுக்குப் போயிற்று.

உலகத்தில் அதற்குப் பிறகு வந்த போர் ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒல்லி உடம்புதான் அச்சு. ரஷ்யர்கள் மட்டும் கொஞ்சம் வேறு வழியில் போனார்கள். தங்களுடைய மி-8 என்ற ஹெலிகாப்டரை வைத்து மி-24 செய்தார்கள். 8 வீரர்களையும் ஏற்றலாம், குண்டும் போடலாம். இந்தியா வாங்கிய மி-25-ம் மி-35-ம் அந்த வம்சம்தான். 1987-ல் அமைதிப் படையோடு மி-25 யாழ்ப்பாணத்துக்கும் போயிற்று. இங்கே அது படைப் பெருமை. அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் சத்தம் பதுங்கு குழியின் ஞாபகம்.

அமெரிக்காவின் "அப்பாச்சி" எந்தப் பழைய ஹெலிகாப்டரில் இருந்தும் வந்தது அல்ல. போருக்கென்றே புதிதாக வரைந்து செய்தது. இந்திய விமானப் படை அதில் 22 வாங்கியது. 2019 செப்டம்பரில் பதான்கோட்டில் படையில் சேர்த்தார்கள். தரைப் படை கேட்ட ஆறில் முதல் மூன்று 2025 ஜூலையில் வந்தன. நல்ல யந்திரம்தான். ஆனால் விலையும் அதிகம், எடையும் 10 டன்னைத் தாண்டும், உதிரிச் சாமானுக்கு அடுத்தவன் கையை எதிர்பார்க்க வேண்டும்.

அண்ணன், நடுவன், கடைக்குட்டி

பெங்களூர்க்காரர்கள் பிடித்தது கோப்ராவின் வழியை. வீட்டில் ஏற்கனவே இருந்த பிள்ளையை வைத்துப் புதிய பிள்ளையைச் செய்வது!

மூத்தவன் துருவ். 1984-ல் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் துணையோடு வேலை தொடங்கியது. 1992 ஆகஸ்டு 20-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. 2002-ல் படைகளில் சேர்ந்தது. உள்ளே ஒரு டஜன் பேர் உட்காரலாம். துருவிலேயே நாலு ரகம் உண்டு. மூன்றாவது ரகத்தில் "சக்தி" என்ற புதிய எஞ்சின் வந்தது. அது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனியும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்சும் சேர்ந்து செய்தது. உயரத்தில் மூச்சுத் திணறாத எஞ்சின். பிரசண்ட் பிறக்கக் காரணமே இந்தச் சக்திதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

நடுவன் "ருத்ரா". அது துருவின் நாலாவது ரகம். உடம்பு துருவ்தான், மூக்கில் பீரங்கி, பக்கத்தில் ராக்கெட். 2007-ல் பறந்தது, 2013-ல் தரைப் படைக்கு வந்தது. போர் வீரர்களை ஏற்றவும் இதில் இடம் உண்டு.

கடைக்குட்டி பிரசண்ட். எஞ்சின் துருவுடையது. சுழல் இறக்கையும் அதைச் சுழற்றும் பல் சக்கரமும் துருவின் வழி வந்தவை. உடம்பு மட்டும் ஒல்லி. இரண்டே ஆட்கள், ஒருவர் பின்னால் ஒருவர். எடை 5.8 டன். மணிக்கு 268 கிலோ மீட்டர் வரை போகும். 20 மில்லி மீட்டர் பீரங்கி உண்டு. அது விமானியின் தலைக்கவசம் திரும்பும் பக்கம் திரும்பும். 70 மில்லி மீட்டர் ராக்கெட்டுகள் உண்டு. வானத்தில் வரும் எதிரி விமானத்தைச் சுட "மிஸ்ட்ரால்" ஏவுகணை உண்டு.

2010 மார்ச் 29-ந் தேதி முதல் மாதிரி பெங்களூரில் பறந்தது. ஆனால் எடை கூடிப்போயிற்று. மலை ஏறுகிறவனுக்குத் தொப்பை ஆகுமா? அடுத்தடுத்து செய்த மாதிரிகளில் எடையைச் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். மொத்தம் நாலு மாதிரி.

பிறகு சோதனை மேல் சோதனை. மலைக்கென்று செய்த யந்திரத்தை முதலில் கொண்டுவந்தது எங்கே தெரியுமா? சென்னைக்கு! 2012-ல் சென்னை அருகே கடல் மட்டச் சோதனை நடந்தது. பழவேற்காட்டில் இருந்து தெற்கே ஐம்பது, அறுபது கிலோ மீட்டர்தான் சென்னை. கெட்டியான காற்றில், கடலோரத்துப் புழுக்கத்தில் யந்திரம் எப்படி நடந்துகொள்கிறது, அதன் உடம்பில் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்து பார்த்தார்கள். 2015-ல் ஜோத்பூர் வெயிலிலும் லடாக் குளிரிலும் ஓட்டினார்கள். அந்த ஆண்டே சியாச்சின் பனிமலையில் இறங்கியது. அங்கே இறங்கிய முதல் போர் ஹெலிகாப்டர் அதுதான். 2020-ல் சீன எல்லையில் சண்டை மூண்டபோது, முறைப்படி படையில் சேரும் முன்பே இரண்டு பிரசண்ட் லே நகருக்குப் போய் நின்றன.

2022 மார்ச்சில் முதல் 15-க்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி ஜோத்பூரில் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் அதை விமானப் படையில் சேர்த்து, பிரசண்ட் என்று பெயரும் வைத்தார். அடுத்த மாதம் அசாமில் மிசாமாரிக்குத் தரைப் படையின் பங்கு போயிற்று.

எல்லாம் சொந்தச் சரக்கா என்றால், இல்லை. பீரங்கி பிரான்ஸ் சரக்கு. மிஸ்ட்ராலும் அப்படியே. எஞ்சினில் பிரெஞ்சுப் பங்கு உண்டு. டாங்கியை உடைக்கும் நம் சொந்த ஏவுகணை "ஹெலினா" பல சோதனைகளில் ஜெயித்தது. ஆனால் டாங்கி ஏவுகணை இல்லாமலேயே பிரசண்ட் படையில் சேர்ந்தது. டாங்கியை வேட்டையாடப் பிறந்த ஜாதியில் இது ஒரு குறைதான். புதிய ஒப்பந்தத்தில் 65 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுச் சரக்கு இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 250-க்கு மேற்பட்ட உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை கிடைக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஆளில்லாத டிரோன்கள் வந்துவிட்ட காலத்தில் இவ்வளவு பணம் போட்டுப் போர் ஹெலிகாப்டர் எதற்கு? 2022-ல் தொடங்கிய உக்ரைன் யுத்தத்தில் ரஷ்யா பல போர் ஹெலிகாப்டர்களை இழந்தது. ஜப்பான் தன்னிடம் இருப்பவற்றையே படிப்படியாக ஓய்வு பெறச் செய்து டிரோன்களை வைக்க 2022 டிசம்பரில் தீர்மானித்தது. ஆனால் ஜப்பானுக்கு இமயமலை இல்லை. மெல்லிய காற்று சின்ன டிரோனையும் சோதிக்கும். மலைக்குப் பிரசண்ட் தேவைதான். 156-ம் தேவையா என்று கேட்பவர்களைத் தேசபக்தி இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

போர்பந்தரில் விழுந்த அண்ணன்

இனி, குப்பத்து வீடுகளைத் தொடும் விஷயம்.

கடலோரக் காவல் படைக்கு 16 துருவ் வந்தன. மூன்றாவது ரகம், கடலுக்கென்று மாற்றிச் செய்தது. சென்னை உட்பட நாலு ஊர்களில் பிரித்து வைத்தார்கள். சென்னையில் அந்தப் பிரிவு 2022 ஜூனில் தொடங்கியது. படகைத் தேட ராடார் உண்டு. ராத்திரியில் வெளிச்சம் அடிக்கப் பெரிய விளக்கு உண்டு. கனத்த யந்திரத் துப்பாக்கி வைக்கலாம். அதைக் கழற்றிவிட்டு உயிருக்குப் போராடும் நோயாளிக்கான படுக்கையும் கருவிகளும் வைக்கலாம். ஒரே யந்திரம், இரண்டு வேலை!

டோர்னியர் விமானம் மேலே பறந்து படகைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நடுவானில் நின்று ஆளைத் தூக்க அதனால் ஆகாது. பிரசண்டாலும் ஆகாது. அதில் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை. புயலில் கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு அண்ணன்தான் கதி.

அந்த அண்ணன் போர்பந்தரில் இரண்டு முறை விழுந்தது. 2024 செப்டம்பர் 2-ந் தேதி இரவு, குஜராத்தில் போர்பந்தர் அருகே, ஒரு கப்பலில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கப் போனபோது கடலில் விழுந்தது. நாலு பேரில் மூன்று பேர் போனார்கள். அடுத்தவரைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டவர்கள்! 2025 ஜனவரி 5-ந் தேதி அதே போர்பந்தரில், விமான நிலையத்திலேயே இன்னொன்று விழுந்தது. அதிலும் மூன்று பேர் பலி.

இரண்டாவது விபத்தில் முறிந்தது ஒரு தட்டு. ஆங்கிலத்தில் ஸ்வாஷ் பிளேட் என்பார்கள். அது என்ன? படகில் பாயைச் சாய்த்துக் காற்றைப் பிடிக்கிறோம் அல்லவா? ஹெலிகாப்டரில் சுழல் இறக்கை ஒவ்வொன்றையும் அப்படித்தான் சாய்க்க வேண்டும். ஆனால் அது படுவேகமாகச் சுழல்கிறது. சுழலும் இறக்கைக்கும் விமானியின் கைப்பிடிக்கும் நடுவே நின்று, கை சொல்வதை இறக்கைக்குச் சொல்வது இந்தத் தட்டு. கீழ்ப் பாதி சுழலாது. மேல் பாதி சுழலும். விமானி சாய்த்தால் தட்டு சாயும். தட்டு சாய்ந்தால் இறக்கை சாயும். அது முறிந்தால்? சுக்கான் போன படகாவது தண்ணீரில் மிதக்கும். வானத்தில் மிதக்க முடியாது.

உடனே நாடு முழுவதும் இருந்த சுமார் 330 துருவ், ருத்ரா ஹெலிகாப்டர்களையும் தரையில் நிறுத்தினார்கள். பீரங்கி வைத்தவையும் நின்றன. ஆள் தூக்குபவையும் நின்றன. மே மாதம் தரைப் படைக்கும் விமானப் படைக்கும் பறக்க அனுமதி கிடைத்தது. எல்லையில் பதற்றம் இருந்த சமயம் அது. கடல் மேல் பறக்கும் துருவ்கள் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன.

நிறுத்தியது சரியான காரியம். முறியும் தட்டோடு யாரும் பறக்கக்கூடாது. ஆனால் ஒரே குடும்ப யந்திரத்தை நம்பி நாலு படைகள் இருந்தால், ஒரு தட்டு முறிந்தால் நாலும் நின்றுபோகும் என்பதும் தெரிந்துபோயிற்று. 156 பிரசண்டுக்கு ஆர்டர் கொடுத்தது அந்த நிறுத்தத்தின் நடுவிலேதான். துருவின் தலைக்கு வந்த வியாதியை அடியோடு கண்டுபிடிப்பது கடலோரத்தின் கவலை மட்டும் அல்ல, ரூ.62,700 கோடியின் கவலையும்தான்.

வெடிமருந்து பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 1600-களில் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையில் வெடிமருந்து செய்து கப்பல் கப்பலாக வெளியே அனுப்பினார்கள். இன்று ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிறார்கள். கடலோரக் காவல் படைக்காக அங்கே ஏழு ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. முதல் கப்பல் "விக்ரம்" 2018-ல் படையில் சேர்ந்தது. "விக்ரகா" 2021-ல் சேர்ந்தது. ஹெலிகாப்டர் இறங்க அவற்றில் மேடை உண்டு. மேடை தயார். அதில் இறங்க நல்ல நிலையில் ஹெலிகாப்டர் வேண்டும்.

2024 மார்ச்சில் இன்னும் 34 துருவ் வாங்க ரூ.8,073 கோடிக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 25 தரைப் படைக்கு. 9 கடலோரக் காவல் படைக்கு. 156 பிரசண்டும் பெங்களூரிலும் தும்கூரிலும் உருவாகும். ஒப்பந்தம் ஆன மூன்றாம் ஆண்டில் முதல் பிரசண்ட் கைக்கு வர வேண்டும். அதிலிருந்து ஐந்து ஆண்டில் எல்லாம் வந்து சேர வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆபத்துச் செய்தி அனுப்பும் சின்னக் கருவியை இஸ்ரோ மீனவர்களுக்கென்றே செய்திருக்கிறது. பித்தானை அழுத்தினால், செயற்கைக் கோள் வழியாகப் படகு இருக்கும் இடம் கடலோரக் காவல் படைக்குத் தெரிந்துவிடும். புதிய ரகக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். கரையில் இருப்பவர்கள் டெலிபோனில் 1554 என்ற எண்ணைக் கூப்பிடலாம். காசு கிடையாது.